சூப்பர்சார்ஜர் போட்ட மசில் காரும் வடசென்னை ரோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் என் ஷெட்டு இருக்கிறது. லாரி, வேன், கால் டாக்ஸி என்று எல்லா வண்டியும் பார்ப்போம். சில வருஷமாக பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர், மசில் கார்களும் வருகின்றன, பெரும்பாலும் 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி: 5.0 லிட்டர் இன்ஜின், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், கம்பெனி கணக்கில் சுமார் 400 குதிரைத்திறன். அதன் மேல் வெளிநாட்டிலிருந்து சூப்பர்சார்ஜர் கிட் வரவழைத்து மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் மாட்டிய வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுத்திருப்பார்கள். எடுத்த இரண்டாவது மாசம் போன் வரும். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேலன்ஸ், பேலன்ஸ் என்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம்?

மே மாசம், மதியம் 2 மணி, திருவொற்றியூர் ஹைரோட்டில் அரை மணி நேரம் ஊர்ந்து போகிறீர்கள் என்று வையுங்கள். அப்புறம் மணலி பக்கம் திரும்பி, ரோடு கொஞ்சம் காலியானதும் ஒரு டேங்கர் லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது எப்படி இழுத்ததோ அப்படியே அப்போதும் இழுக்கணும். லாரியைத் தாண்டும் நேரத்தில் குறுக்கே ஒரு ஆட்டோ திரும்பினால், ஒரே மிதியில், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்காமல், வண்டி நேராக நிற்கணும். பள்ளத்தில் இறங்கினால் டயர் தரையை விடக்கூடாது. இந்த மூன்றும் நடந்தால் அது பேலன்ஸான வண்டி. பேப்பரில் 650 குதிரைத்திறன் என்று எழுதியிருப்பதால் இதில் ஒன்றும் தானாக நடந்துவிடாது.

சூப்பர்சார்ஜர் உள்ளே என்னதான் செய்கிறது?

இன்ஜின் ஒரு சுற்றுக்கு எவ்வளவு காற்றை இழுக்க முடியுமோ, அதைவிட அதிகமான காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட்டி எரிக்கலாம், அவ்வளவுதான் விஷயம். டர்போ, புகைப் போக்கின் வேகத்தில் சுற்றும். சூப்பர்சார்ஜர் கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட்டில் சுற்றும், அதனால் மிதித்த நொடியே வேலை செய்யும், அதே நேரத்தில் தான் சுற்றுவதற்கான பவரையும் இன்ஜினிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இதில் மூன்று வகை உண்டு. ரூட்ஸ் என்பது பழையது, ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் அமெரிக்காவில் பேடண்ட் வாங்கியது, காருக்காக வந்ததே இல்லை, உலைக்குக் காற்று ஊதத்தான் முதலில் பயன்பட்டது. இன்றைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்று ஊதுவதற்கு ரூட்ஸ் புளோயர் ஓடுகிறது, எங்கள் ஏரியா ஃபிட்டர்கள் பலருக்கு கார் வழியாகத் தெரிவதற்கு முன்பே பம்ப் ஹவுஸ் வழியாக அது தெரியும். இரண்டாவது ட்வின் ஸ்க்ரூ, இரண்டு திருகு ஒன்றோடொன்று பின்னி, காற்றைத் தனக்குள்ளேயே அழுத்தி அனுப்பும். மூன்றாவது சென்ட்ரிஃபியூகல், பார்க்க டர்போ மாதிரி இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏறத்தான் அழுத்தம் ஏறும்.

ஊருக்குள் ஓட்ட எது நல்லது?

என் கருத்து கொஞ்சம் கூட்டத்துக்கு மாறானது. ட்வின் ஸ்க்ரூவும் ரூட்ஸும் 2000 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவை கொடுக்கும், ஓட்ட ஜாலியாகத்தான் இருக்கும், ஆனால் ஈர ரோட்டில் பின் டயர் வழுக்குவதும் அதே 2000 ஆர்பிஎம்மில்தான். சென்ட்ரிஃபியூகல் கீழே சாதாரண மஸ்டாங் மாதிரி அமைதியாக இருந்துவிட்டு, மேலேதான் வேலையைக் காட்டும். மழைக்காலத்திலும் டிராஃபிக்கிலும் தினமும் ஓட்டுகிறவருக்கு நான் சென்ட்ரிஃபியூகலைத்தான் சொல்வேன். ஏற்கெனவே ட்வின் ஸ்க்ரூ மாட்டியிருந்தால் கழற்றி மாற்ற வேண்டியதில்லை, கீழ் ஆர்பிஎம்மில் த்ராட்டில் மெதுவாகத் திறக்கும்படி டியூனில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் செட்டிங்கில், சொல்லிக்கொள்ளலாம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது?

பிரேக், டயர். அப்புறம் கூலிங். பவர் கடைசியில்தான். இந்த வரிசையைச் சொன்னால் நிறைய பேருக்கு முகம் வாடிவிடும், ஆனாலும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சூட்டைவிட, 80-ல் போகிற வண்டிக்குக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு சூடு. 60-க்கும் 120-க்கும் நான்கு மடங்கு. சூப்பர்சார்ஜர் போட்டதும், அதே இரண்டு ஸ்பீடு பிரேக்கருக்கு நடுவில் நீங்கள் போகும் வேகம் ஏறிவிடும், பிரேக் மட்டும் பழைய பிரேக்காகவே இருக்கும்.

பெரிய டிஸ்க் செட்டு வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நல்ல பேட் போடுங்கள், ரேஸ் பேட் வேண்டாம், அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் வீட்டை விட்டு எடுக்கும்போது முதல் சிக்னலில் பிடிக்காது. பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும், அதற்கு அப்புறம் ஆயிலுக்குள் நீராவிக் குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுக்கும். காசிமேட்டுக்காரர் ஒருவர் வண்டியில் இரண்டே வருஷத்தில் ஆயில் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்ததை நான் கழற்றிக் காட்டியிருக்கிறேன். உள்ளூரில் வருஷம் ஒரு தடவை மாற்றுங்கள், இந்தப் பட்டியலிலேயே குறைந்த செலவு இதுதான்.

டயருக்கு வருகிறேன். பக்கவாட்டில் டாட் என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. இந்த மாதிரி கார்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஓடும், பட்டன் தேயவே தேயாது, பார்க்க புதுசு மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் வெயிலில் காய்ந்து கெட்டியாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தடம் விழாது. அப்படிப்பட்ட டயரில் 600 குதிரைத்திறனை இறக்குவது ஆபத்து, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். டயரைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை உண்டு, எம்ஆர்எஃப் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்ததே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில்தான், என்ஃபீல்டும் 1955-லிருந்து அங்கேதான், எண்ணூரில் அசோக் லேலண்ட். வண்டி வேலை இந்தப் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறது.

சின்ன புல்லி போட்டால் உடனே பவர் ஏறும் என்கிறார்களே?

ஏறும். பொய் இல்லை. கணக்கு எளிது: கிராங்க் புல்லி 180 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 90 மி.மீ. என்றால் இன்ஜின் ஒரு சுற்றுக்கு அது இரண்டு சுற்று. இன்ஜின் 6500-ல் ஓடும்போது அது 13,000-ல் சுற்றும். 80 மி.மீ. புல்லிக்கு மாற்றினால் 14,625. பத்து மி.மீ. குறைத்ததற்கு வேகம் எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டது, அழுத்தம் ஏறியது, சந்தோஷம்.

இனி கூடவே ஏறுவதைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி, 8 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால், சராசரித் திறனுள்ள ஒரு சூப்பர்சார்ஜரிலிருந்து வெளியே வரும் காற்று, அதை ஆற வைக்கிற இன்டர்கூலருக்குப் போகும் முன்பு கிட்டத்தட்ட 95 டிகிரி இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நூறைத் தாண்டும். புல்லி சின்னதானதால் பெல்ட் பிடிக்கிற பரப்பும் குறைந்துவிட்டது, பெல்ட் வழுக்க ஆரம்பிக்கும், புல்லியைச் சுற்றி கறுப்பு மாவு படிந்திருந்தால் அது வழுக்குகிற பெல்ட்டின் தூள். பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே இருந்தால் பெட்ரோல் பற்றாது. கூடவே, இந்த 5.0 லிட்டர் இன்ஜின் சூப்பர்சார்ஜருக்காகச் செய்ததல்ல, 2015 முதல் 2017 வரையிலான மாடலின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற விகிதம், 11:1, அதுவே அதிகம்.

அதனால் கிட்டோடு வந்த புல்லியை விடுங்கள். வடசென்னையில் அதை முழுசாகப் பயன்படுத்த இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

டிராஃபிக்கில் நின்ற பிறகு வண்டி செத்த மாதிரி இருக்கிறது. என்ன கோளாறு?

பெரும்பாலும் கோளாறே இருக்காது, சூடு. இது பற்றி நான் கொஞ்சம் நீளமாகச் சொல்லணும், ஏனென்றால் நம்ம ஊரில் இந்தக் கார்களுக்கு வருகிற பிரச்சினையில் பாதி இதுதான்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு கஸ்டமர் இதே புகாரோடு வந்தார். "அண்ணா, காலைல பறக்குது, சாயங்காலம் ஆட்டோ தாண்டிப் போறான், பம்ப் போயிடுச்சா பாருங்க" என்றார். லேப்டாப்பை மாட்டி, அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, இடது பக்கம் இன்ச் இன்ச்சாக நகர்கிறோம். வெளியே 38 டிகிரி. கிளம்பும்போது இன்டேக் காற்று 51 டிகிரி. பத்து நிமிஷத்தில் 66. இருபத்தைந்து நிமிஷத்தில் 83. பானெட்டைத் திறந்து இன்டர்கூலர் தண்ணி டேங்க்கில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. வரிசை கலைந்ததும் அவர் மிதித்தார், திரையில் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், அப்படியே பின்னால் போனது. வண்டி செத்த மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான். காற்று இவ்வளவு சூடாக இருந்தால் பெட்ரோல் தானாக வெடித்துவிடும் என்று ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பயந்து, இன்ஜினைக் காப்பாற்றப் பவரைக் குறைக்கிறது. அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

சூப்பர்சார்ஜரின் இன்டர்கூலருக்குத் தனியாக ஒரு தண்ணி லைன், தனியாக ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப், முன்னால் தனியாக ஒரு ரேடியேட்டர். ஓடும்போது காற்று அடிக்கும், நின்றால் அடிக்காது. வெளிநாட்டில் ஹைவேயில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துச் செய்த கிட்டில் அந்த முன் ரேடியேட்டருக்கு ஃபேன் இருக்காது. அந்த வண்டிக்கு நாங்கள் செய்தது: கொஞ்சம் தடிமனான முன் ரேடியேட்டர், அதற்கு இரண்டு ஃபேன், பம்ப் வயரிங்கைச் சரி பார்த்தோம், லைனில் அடைத்திருந்த காற்றை முழுசாக வெளியேற்றினோம். இந்தக் கடைசி வேலைக்குப் பைசா செலவில்லை, ஆனால் பாதிப் பலன் அதில்தான் கிடைத்தது, காற்று அடைத்த லைனில் பம்ப் சுற்றும், தண்ணி நகராது. மே மாசம் அதே ரோட்டில் அதே வரிசையில் நின்றபோது 64-க்கு மேல் போகவில்லை.

தண்ணி என்றதும் இன்னொன்று. சென்னையில் எதுவும் உறையப்போவதில்லை, அதனால் கூலன்ட் பாட்டிலில் சொன்ன பாதிக்குப் பாதி அளவு இந்த லைனுக்குத் தேவையில்லை, தண்ணி கூடுதலாக இருந்தால் சூட்டை நன்றாகவே கடத்தும், துரு பிடிக்காமல் இருக்க மட்டும் கொஞ்சம் கூலன்ட் வேண்டும். ஆனால் தண்ணி என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணியை ஊற்றவே கூடாது. மீஞ்சூர் தொடங்கி இந்தப் பக்கம் முழுக்கக் கடல் நீர் நிலத்தடியில் ஏறியிருக்கிறது, அலுமினியம் இன்டர்கூலருக்குள் அந்த உப்பு போனால் எங்கேயோ ஒரு ஊசி முனை ஓட்டை விழும், அந்தத் தண்ணி நேராக இன்ஜினுக்குள் போகும்.

எந்தப் பெட்ரோல் போடணும்?

ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்கிற அளவு. டியூன் செய்தவரிடம் எந்த ஆக்டேனுக்குச் செய்தார் என்று கேட்டு, அது எந்தக் கணக்கு என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் பம்பில் எழுதுவது ஏகேஐ கணக்கு, நம்ம ஊரில் ஆர்ஓஎன் கணக்கு. இரண்டும் வேறு. அமெரிக்க 93 என்பது நம்ம கணக்கில் சுமார் 98. அங்கத்து 91 என்பது இங்கே 95, 96. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 வருவதற்கு முன்பு நம்ம சாதாரண பெட்ரோல் ஆர்ஓஎன் 91 ஆக இருந்தது, அது அவர்களின் 87-க்குத்தான் சமம். "டியூன்ல 91னு போட்டிருக்கு, நம்ம பங்க்லயும் 91தானே" என்று சாதாரண பெட்ரோல் ஊற்றி இன்ஜினைக் கெடுத்தவரை எனக்கு நேரில் தெரியும்.

93 ஏகேஐ டியூன் என்றால் எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன்தான் நிம்மதி. எல்லா பங்கிலும் இருக்காது, அதனால் எது இருக்கிற பங்க் என்று பார்த்து வைத்துக்கொண்டு டேங்க் பாதிக்கு இறங்கியதுமே நிரப்புங்கள். 95 மட்டும்தான் கிடைக்கும் என்றால் 95-க்கு ஒரு தனி டியூன் வாங்கி வையுங்கள், 30, 40 குதிரைத்திறன் போகும், போகட்டும்.

இ20 வந்ததும் இதில் இன்னொரு கணக்கு சேர்ந்திருக்கிறது. அமெரிக்க டியூன் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் பெட்ரோலை வைத்துச் செய்தது. 20 சதவீதம் என்றால் அதே காற்றுக்கு நான்கு சதவீதம் அளவுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்றணும். சாதாரண ஓட்டத்தில் ஈசியூ தானே சரி செய்துகொள்ளும், முழுசாக மிதிக்கும்போது இன்ஜெக்டரிலும் பம்பிலும் அந்த நான்கு சதவீதத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பதை நாக் என்போம், எத்தனால் அதைக் குறைக்கும், அது நல்ல விஷயம், ஆனால் பெட்ரோல் பற்றாமல் போனால் அந்த நன்மையால் பிரயோஜனம் இல்லை.

இன்ஜினில் நாக் விழுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காதில் கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். சூப்பர்சார்ஜர் சத்தத்திலும் வி8 சத்தத்திலும் கேட்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெயிலில் வைத்து, லென்ஸ் ஒன்றோடு. நடுவில் இருக்கிற வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி இருந்தால் எச்சரிக்கை. அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு வெள்ளி மாதிரி மினுங்கினால், அது பிஸ்டனின் அலுமினியம், உருகித் தெறித்து ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், டோ பண்ணி எடுத்து வாருங்கள்.

எட்டு பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டையில் குத்தி வைப்பது என் பழக்கம். எட்டிலும் ஒரே மாதிரி புள்ளி இருந்தால் டியூனில் பிரச்சினை, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரை நான் சந்தேகப்படுவேன். பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் அழுத்தம், உள்ள இன்ஜினுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது), இடைவெளி சுமார் 0.8 மி.மீ., கம்பெனி இடைவெளியை அப்படியே விட்டால் அழுத்தத்தில் தீப்பொறி அணைந்துவிடும்.

டியூனை மெயிலில் வாங்கலாமா?

வாங்கலாம், வாங்கி அப்படியே ஏற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. புகையில் காற்று, பெட்ரோல் கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சார் மாட்டி, நம்ம பெட்ரோலில், நம்ம வெயிலில் ஓட்டி, லாக் (ஓடும்போது பதிவான எண்கள்) எடுத்து அனுப்பி, அவர் திருத்தி அனுப்பி, இப்படி நாலைந்து தடவை போய் வரணும். முழுசாக மிதிக்கும்போது லாம்டா (அந்தக் கலவையின் அளவு, 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.80 பக்கம் இருக்கணும், பூஸ்ட்டில் 0.9-க்கு ஏறினால் உடனே காலை எடுங்கள். லாக் கேட்காமலேயே டியூன் அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

வண்டியை இறக்கினால் கார்னரில் நன்றாக நிற்கும்தானே?

ரேஸ் டிராக்கில் நிற்கும். இந்திய சாலை காங்கிரஸ் சொல்கிற ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அதன் மேல் எந்தக் காரும் அழகாக ஏறி இறங்கும். எங்கள் தெருக்களில் இருப்பது அப்படியா இருக்கிறது? ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக நிற்கும். அதற்கு மேல் கன்டெய்னர் லாரி அமுக்கிப் பிளந்த தார், மெட்ரோ வாட்டர் தோண்டி மூடிய தடம்.

வேறொரு ஷெட்டில் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய ஒரு கார் எங்களிடம் வந்தது. சஸ்பென்ஷன் ஏறி இறங்க இடமே இல்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பரில் போய் இடித்திருக்கிறது, இடிக்கிற அந்த நொடியில் டயர் ரோட்டில் இல்லை. அவர் கார்னரில் வழுக்குகிறது என்று பெரிய டயர் தேடிக்கொண்டிருந்தார். ஒரிஜினல் உயரத்துக்கே கொண்டு வந்து நல்ல டேம்பர் (ஷாக் அப்சார்பர்) போட்டோம், புஷ் மாற்றினோம், அலைன்மென்ட் பார்த்தோம், பழைய டயரிலேயே வழுக்கல் நின்றுவிட்டது.

மசில் காரின் மூக்கு ஏற்கெனவே கனம், சூப்பர்சார்ஜர் அதன் மேல் உட்கார்ந்து இன்னும் கனமாக்கும். திருப்பும்போது முன்பக்கம் வெளியே போவது போல இருந்தால் முதலில் அலைன்மென்டைப் பாருங்கள், அப்புறம் பின்பக்கம் கொஞ்சம் கெட்டியான ஆன்ட்டி ரோல் பார் (திருப்பும்போது வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பி). அதற்கு மேல் ரோட்டுக்குத் தேவையில்லை.

மழைக்காலத்தில் கோல்டு ஏர் இன்டேக் ஆபத்தா?

இன்ஜின் சூட்டுக்கு வெளியே இருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிற பைப் அது, அதன் வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பம்பருக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தால் ஆபத்துதான். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணி நிற்பது எல்லாருக்கும் தெரியும், அதில் இறங்கி ஒரு வாய் தண்ணி குடித்தால் போதும், தண்ணி அமுங்காது, பிஸ்டன் மேலே வர முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உயரத்தில், மூடிய பெட்டிக்குள் இருக்கிற இன்டேக் போடுங்கள். இல்லாவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கம்பெனிப் பெட்டியையே மாட்டிவிடுங்கள்.

ஃபில்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றிலேயே இருக்கிறது, நல்ல பேப்பர் ஃபில்டர் போட்டு அடிக்கடி மாற்றுவது போதும். எண்ணெய் தடவுகிற ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் காற்றை அளக்கிற சென்சாரில் போய் ஒட்டும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றித் தருவீர்களா?

மாட்டேன். எவ்வளவு தருகிறேன் என்றாலும் மாட்டேன். புகையில் இருக்கிற விஷத்தைக் குறைப்பது அதுதான். மணலி, எண்ணூர்க்காரர்கள் சுவாசிக்கிற காற்று எப்படிப்பட்டது என்பது இந்தப் பக்கம் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் தெரியும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும் படகெல்லாம் கறுப்பானதையும் நேரில் பார்த்தவன் நான். பத்து குதிரைத்திறனுக்காக அந்தக் காற்றில் இன்னும் கொஞ்சம் விஷத்தை ஊத என் கை வராது. சத்தமும் அப்படித்தான், எங்கள் தெருக்களில் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாசப்படிதான் இருக்கிறது, உள்ளே கைக்குழந்தை தூங்கும், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குவார். கம்பெனி சைலன்சரிலேயே இந்த வி8 நன்றாகத்தான் பாடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நேராகச் சொல்கிறேன், இதை மறைத்து வேலை வாங்குகிற ஆள் நான் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு ஆர்சி விவரம் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று இருக்கிறது. சூப்பர்சார்ஜர் கிட் என்பது இந்தப் பிரச்சினைக்குள் வரக்கூடியது. புதிதாக மாட்ட நினைக்கிறவர் முதலில் ஆர்டிஓவில் எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம், அன்றைக்கு எதிர்த் தரப்பில் அடிபட்டவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்லணும். பேட், பிரேக் ஆயில், கம்பெனி அளவு டயர், அலைன்மென்ட், கூலிங் பராமரிப்பு, இதற்கெல்லாம் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, வண்டியில் பெரிய வித்தியாசம் தருவதும் இவைதான்.

முழுசா மிதிச்சுப் பார்க்க எங்கே போறது?

ரோட்டில் வேண்டாம். ராத்திரி பைக் ரேஸில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் எங்கள் பேட்டையில் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கே சொந்தமாக ஒரு இடம் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு எல்லாம் அங்கே போய்விட்டது. இன்றைக்கும் அங்கே டிராக் நாட்கள் நடக்கும்போது பதிவு செய்து, ஹெல்மெட் போட்டு, உங்கள் வண்டியை ஓட்டலாம். மாதவரத்திலிருந்து பைபாஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகும் முன்பு புது பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில் அளவு, வீல் நட்டு டைட், இந்த மூன்றையும் பாருங்கள். மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு ஓட்டுங்கள், சூப்பர்சார்ஜர் வண்டி தொடர்ந்து பத்து சுற்று தாங்காது.

கடல் காத்துக்கு வண்டி தாங்குமா?

கவனித்தால் தாங்கும். முன் ரேடியேட்டர் இரண்டின் இடுக்கையும் மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில் மெதுவாகக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் வைத்தால் தகடு மடங்கிவிடும். பேட்டரி எர்த் வயர் பாடியில் சேரும் இடங்களைக் கழற்றி, தேய்த்து, கிரீஸ் வையுங்கள். இன்டர்கூலர் பம்ப் ஓடாமல் போனதாக வந்த வண்டிகளில் நான் பார்த்த இரண்டில் பம்ப் நன்றாகவே இருந்தது, பச்சை பூத்த எர்த் கனெக்ஷன்தான் காரணம்.

தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், நான் சொன்ன கூலிங் வேலை முடிந்திருந்தால். ஆட்டோமேட்டிக் என்பதால் கிளட்ச் தொல்லை கிடையாது, ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலும் டிராஃபிக்கில் சூடாகும், அதன் டெம்பரேச்சரையும் திரையில் கொண்டு வந்து வையுங்கள். வேகமாக ஓட்டி வந்தால் நிறுத்துவதற்கு முன் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து பெல்ட்டைத் தடவி, இன்டர்கூலர் டேங்க்கில் தண்ணி அளவு பார்த்து, டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போதே பிடித்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. தண்ணி அளவு ஒரு வாரத்தில் ஒரு விரல் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்ப வேண்டாம், எங்கே போனது என்று தெரிந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்.